பக்கத் தகட்டுக்குள் இரண்டு புள்ளிகள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். 2006 மே மாதத்தின் ஒரு திங்கட்கிழமை. மொன்றியலின் சென்ட் லோரன்டில், நான் வேலை செய்த துவக்குத் திருத்தும் கடையின் பின்கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது முதலில் கண்டது என் வேலைமேசையில் கிடந்த துவக்கு. வெள்ளிக்கிழமை மேசையைத் துடைத்து வெறுமையாக விட்டுப் போயிருந்தேன். துவக்கின் நடுவிலிருந்த பித்தளைக் கட்டை கீழ்ப்புறமாகப் பிளந்திருந்தது. முன்பிடி மரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. லீவரைச் சுற்றி நான் கையால் தைத்திருந்த தோல் உறை புகை படிந்து கறுத்திருந்தது.

முதலாளி கேத்தான் மேலங்கியைக் கழற்றாமல் என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நேற்றுப் போட்டியில்" என்றார். "லீவர் மூடுவதற்கு முன்பே வெடித்துவிட்டது. பக்கத்தில் நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மிஷெலின் கன்னத்தைப் பித்தளைத் துண்டு கிழித்திருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது."

அது பீற்றர் அண்ணனின் துவக்கு. வேலை செய்தவன் நான்.

எங்கள் முதியோர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்களிடம் கட்டுரை கேட்கிறார்கள். செயலாளர் தொலைபேசியில், "கனபேர் ஃபக்டரி, ரெஸ்ரோரன்ட் எண்டு எழுதித் தந்திட்டினம் அண்ணை. நீங்கள் துவக்கு வேலை செய்தனீங்களாம். அதை எழுதுங்கோ, புதுசா இருக்கும்" என்றார். அண்மையில் ஒரு விலைப்பட்டியலில் பார்த்தேன்: நான் குளிர்காலம் முழுக்க மேசையிலிருந்து செய்த வேலையை இப்போது இத்தாலியத் தொழிற்சாலையே செய்து பெட்டியில் போட்டு அனுப்புகிறது. ஆகவே எழுதுவதில் யாருக்கும் நட்டமில்லை.

மட்டக்களப்பில் ஒரு செய்தித்தாளில் சில ஆண்டுகள் நிருபராக இருந்தேன். கண்டதை முதலில் எழுது, கேட்டதைப் பிறகு எழுது, நினைத்ததை எழுதாதே என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. மொன்றியலுக்கு வந்தபின் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உலோக விளிம்புகளின் பிசிறு அகற்றும் வேலை கிடைத்தது. 2001க்குப் பிறகு விமானக் கம்பனிகளின் கொள்வனவுக் கட்டளைகள் குறைந்தபோது எங்கள் பகுதியில் பாதிப்பேரை நிறுத்தினார்கள். அதே தொழிற்சாலையில் உலோகத்தை வடிவாக்கும் அச்சுக் கருவிகள் செய்யும் பிரிவில் இருந்தவர் பீற்றர் அண்ணன், திருகோணமலைக்காரர். அவரை நிறுத்த முடியாது. அவர் கையில் அவ்வளவு வேலைத்திறன் இருந்தது. அவர்தான் என்னைக் கேத்தானின் துவக்குத் திருத்தும் கடைக்குக் கூட்டிப்போனார்.

பீற்றர் அண்ணன் ஒரு கௌபோய் சுடுதல் கழகத்தில் உறுப்பினர். அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். பல் வைத்தியர்கள், பஸ் சாரதிகள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வடக்கேயுள்ள பழைய மணல் குழியில் கூடுவார்கள். அகலத் தொப்பி, தோல் அரைக்கச்சை, பூட்ஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். வரிசையாக நட்ட இரும்புத் தகடுகளைச் சொன்ன ஒழுங்கில் சுட வேண்டும். பக்கத்தில் ஒருவர் நேரக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. துவக்கு நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க மாதிரியின் இத்தாலியப் பிரதி. விசைக்குக் கீழே வளையம்போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே விழும், அடுத்த ரவை உள்ளே போகும்.

நான் கடையில் சேர்ந்த முதல் வாரமே என் மனைவி சொன்னாள்: "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்ச அதுக்கே எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கீங்க." எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்த எவரும் அதை விளையாட்டுக்காக வைத்திருந்ததாக எனக்குத் தெரியாது.

அனுமதிப் பத்திரம் எடுத்து, இரண்டு குளிர்காலம் கேத்தானின் இடதுபக்கத்தில் இருந்து வேலை பழகினேன். கேத்தான் அதிகம் பேசமாட்டார். என் பெயர் சதாசிவம். அவர் வாயில் அது "சதா" என்பதோடு நின்றுவிட்டது. ஒரு துவக்கு வந்தால் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கமாட்டார். அதை வாங்கி, காதருகே பிடித்து, லீவரை மெதுவாகக் கீழே தள்ளி மேலே இழுப்பார். எந்த இடத்தில் உரசுகிறது என்று சத்தத்திலேயே பிடித்துவிடுவார். அதன் பிறகு வாடிக்கையாளரைப் பார்த்து, "இப்போது சொல்லுங்கள்" என்பார். பெரும்பாலும் அவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

பெட்டியிலிருந்து வரும்போது அந்தத் துவக்குகள் முரட்டுத்தனமாக இருக்கும். ஸ்பிரிங்குகள் தேவைக்கு அதிகமாக இறுக்கம். லீவர் போகவேண்டிய தூரம் நீளம். முதல் வேலை பக்கத் தகடுகளைக் கழற்றுவது. உள்ளே இருப்பவற்றைச் சிவப்புக் கம்பளித் துணியில் கழற்றிய ஒழுங்கிலேயே வைக்க வேண்டும். கறுப்பு மை பூசி மறுபடி பூட்டி, சில தடவை இயக்கிவிட்டுத் திறந்தால், மை அழிந்த இடம்தான் உரசும் இடம். அந்த இடத்தை மட்டும் எண்ணெய்க் கல்லால் தேய்க்க வேண்டும். மின்சாரத்தில் சுழலும் தேய்ப்புச் சில்லு கூடாது. பாகம் எந்தத் திசையில் நகருமோ அந்தத் திசையில் மட்டும் கல் போக வேண்டும். தேய்த்து முடிந்ததும் கூரான விளிம்புகள் எல்லாவற்றையும் கல்லால் ஒருமுறை தடவி மழுக்க வேண்டும். "விளிம்பு உன் விரலை வெட்டினால் பக்கத்துப் பாகத்தையும் வெட்டும்" என்பார். பிறகு லீவரின் பயணத்தைக் குறைக்கும் குட்டை இணைப்புகள், மெல்லிய ஸ்பிரிங்குகள். கடைசியில் லீவருக்கு ஈரத் தோல் சுற்றித் தைப்பது. அது காய்ந்தால் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுடுபவரின் விரல்முட்டி தப்பும்.

கேத்தானிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. வேலை செய்தவனே முதல் ரவையைச் சுட வேண்டும், துவக்குக்காரர் பக்கத்தில் நிற்க. மற்றது புள்ளி. யார் துவக்கைத் திறந்து உள்ளே கை வைத்தாலும், மூடுமுன் பக்கத் தகட்டின் உட்புறத்தில் தன் அடையாளத்தைக் குத்த வேண்டும். கேத்தானுக்கு ஒரு புள்ளி. எனக்கு இரண்டு. ஒருமுறை ஒரே ஒரு திருகாணியை மாற்றிவிட்டு, இதற்கெல்லாம் எதற்கு என்று தகட்டை மூடிவிட்டேன். கேத்தான் அதைத் திறக்கவைத்தார். "நாளை இது ஒருவரைக் காயப்படுத்தினால், யார் கை உள்ளே போனது என்று அவருக்குத் தெரிய வேண்டும்" என்றார். கழகத்தில் எல்லாருக்கும் இந்தப் புள்ளிகள் தெரியும். கேத்தானின் ஒற்றைப் புள்ளி இருந்தால் துவக்குக்கு மதிப்புக் கூடும்.

2006 தொடக்கத்தில் பீற்றர் அண்ணன் தன் துவக்கை எனக்கென்றே கொண்டுவந்தார். "அவன் தொட வேண்டாம். நீ செய். நம்மடை ஆள் ஒருத்தன் செய்தது எண்டு அங்க காட்டவேணும்" என்றார். அந்தத் துவக்கில் நான் செய்தது என் நல்ல வேலைகளில் ஒன்று. லீவரை இரண்டு விரலால் இயக்கலாம். ஆனால் எடுத்துப்போக வந்தவர் பத்துப் பதினைந்து தடவை இயக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வேகமா அடிக்கேக்கை விசை பிடிக்குது, தம்பி."

"அது பிடிக்கத்தான் வேணும் அண்ணன். லீவர் முழுக்க மூடாட்டி விசை இழுபடாது. அதுதான் பாதுகாப்பு."

"மூடித்தானே இருக்கு."

"மயிரிழை திறந்து கிடக்கு. நீங்க கையை இறுக்கிப் பிடிக்கயில்ல."

"கையைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறியோ?" என்று சிரித்தார். "அந்தச் சின்ன ஸ்பிரிங்கை ஒரு சொட்டுக் குறைச்சு விடு. கனபேர் விட்டிருக்கினம்."

கேத்தானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பீற்றர் அண்ணன் விரலால் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டார். முன்மேசையிலிருந்தே, "அது நடக்காது" என்றார். "அந்தப் பாதுகாப்பு இல்லாமல் சுட விருப்பமென்றால் துவக்கை இப்போதே எடுத்துப் போகலாம், பீற்றர்."

பீற்றர் அண்ணன் கையை உயர்த்தி, "சரி, சரி" என்றார். ஏப்ரலில் நான் முதல் ரவையைச் சுட்டேன். அவர் பக்கத்தில் நின்றார். லீவரை மயிரிழை திறந்து வைத்து விசையை இழுத்துக் காட்டினேன். இழுபடவில்லை. அவர் தலையை ஆட்டினார். இரண்டு புள்ளி குத்தி, தகட்டை மூடிக் கொடுத்தேன்.

அந்தத் துவக்குத்தான் மே மாதத்துத் திங்கட்கிழமை என் மேசையில் கிடந்தது.

கேத்தான் பக்கத் தகட்டைக் கழற்றினார். பாகங்களை ஒவ்வொன்றாகச் சிவப்புத் துணியில் வைத்தார். விசையைத் தடுக்கும் சிறிய ஸ்பிரிங் வந்தபோது கையை நிறுத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

ஸ்பிரிங் பாதிக்குமேல் மெலிந்திருந்தது. மேற்பரப்பு கண்ணாடிபோலச் சமதளம். அதில் தலைமுடியிலும் மெல்லிய கோடுகள், நீளவாக்கில் அல்ல, குறுக்காக. விளிம்புகள் நான்கும் கத்திபோலக் கூர். அது கல்லின் வேலை அல்ல. பெரிய தொழிற்சாலைகளில் அச்சுக் கருவிகளைச் சமப்படுத்தும் இயந்திரத்தின் வேலை. எங்கள் கடையில் அப்படி ஒன்று இல்லை. விளிம்பை மழுக்காமல் வரைபடத்தில் உள்ளபடியே கூராக விடுவது அந்தத் தொழில்காரர்களின் பழக்கம். அவர்களிடம் அதுதான் சுத்தமான வேலை.

"இது நீ செய்ததில்லை" என்றார் கேத்தான். "உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது."

ஸ்பிரிங்கை ஒரு மஞ்சள் துணித்துண்டில் சுற்றித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். எனக்கு மனம் ஆறியது. எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் பீற்றர் அண்ணனின் தொழிற்சாலைக் கார்த்தரிப்பிடத்துக்குப் போனேன். அவர் காருக்குள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். வலது பெருவிரலில் கட்டு.

"வா, ஏறு. சாப்பிட்டியோ?"

"அந்த ஸ்பிரிங்கை ஆரு கிரைண்ட் பண்ணின?"

"நீ இப்ப பேப்பர்காரன் மாதிரிக் கேக்கிறாய்."

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

அவர் ஒரு கவளம் சாப்பிட்டு முடித்தார். "அளவு பிழைக்கேல்லை, தம்பி" என்றார். "நான் ரெண்டு தரம் அளந்தனான். எவ்வளவு எடுக்கலாம் எண்டு கணக்குப் பார்த்துத்தான் எடுத்தது. எப்பிடி விட்டுக்குடுத்தது எண்டு இப்பவும் விளங்கேல்லை."

"அப்ப இதைக் கேத்தானிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு முன்னால சொன்னாப் போதும்."

"சொன்னா? ஃபக்டரி மெசினிலை சொந்த வேலை செய்தது, அதுவும் துவக்குச் சாமான் எண்டு தெரிஞ்சா அண்டைக்கே வெளியிலை விடுவாங்கள். பென்சனுக்கு இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. உனக்கென்ன? கடை உன்ரையே? இன்சூரன்ஸ் அவன்ரை. ஒருத்தருக்கும் ஒண்டும் போகாது."

"பேரு என்ட."

"பேரோ?" என்று சிரித்தார். கோபமாகக்கூட இல்லை. "உன்ரை பேரை அவங்கள் முழுக்கச் சொல்லுறதே இல்லை."

காரிலிருந்து இறங்கினேன். அவர் கார்க் கண்ணாடியை இறக்கி, "கோபிக்காதை, பேந்து கதைப்பம்" என்றார். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

புதன்கிழமை மாலை கழகத் தலைவர் கடைக்கு வந்தார். வாரநாட்களில் அவர் வரி ஆலோசகர். தொப்பி இல்லாமல் அவரை அடையாளம் காண ஒரு கணம் ஆனது. கேத்தானும் அவரும் முன்மேசையில் தணிந்த குரலில் பேசினார்கள். நான் பின்னால் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை மறைத்துப் பேச வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உறுப்பினர் ஒருவர் பாதுகாப்புப் பாகத்தில் கைவைத்தார் என்றால் சுடுதளத்தை அந்தக் கோடை முழுவதும் மூட வேண்டிவரும். கடையின் வேலையில் பிழை என்றால் மூடத் தேவையில்லை. கடைக்குக் காப்புறுதி இருக்கிறது. மிஷெலின் சிகிச்சைக்கும் அது உதவும். தலைவர் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்பாகத்தான்.

காப்புறுதிக் கம்பனியின் ஆள் அடுத்த வாரம் வந்தார். இளைஞர், மரியாதையானவர். கேத்தானோடு முன்னறையில் துவக்கைப் பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"விசைப் பாதுகாப்பு நன்றாக வேலை செய்கிறது" என்றார். "ஆகவே லீவர் இணைப்புகளைச் சுருக்கியதில்தான் பிழை நடந்திருக்க வேண்டும். அந்த வேலை உங்களுடையதா?"

வேலை என்னுடையது என்றேன். ஆனால் விபத்து நடந்தபோது துவக்கில் வேறு ஸ்பிரிங் இருந்தது, இயந்திரத்தில் மெலிவித்த ஸ்பிரிங், அதை நானும் கேத்தானும் கண்ணாடி வைத்துப் பார்த்தோம் என்றும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த ஸ்பிரிங்கைப் பார்க்கலாமா?"

நான் கேத்தானைப் பார்த்தேன். கேத்தான் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஸ்பிரிங்?" என்றார்.

நான் பின்னறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். மஞ்சள் துணி மடித்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது இளைஞர் தன் பையை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் நன்றி சொன்னார்.

அவர் போனபின் கேத்தான் கதவைச் சாத்தினார். நாலு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"மிஷெலின் முகத்துக்கு யாராவது பொறுப்பு எடுக்க வேண்டும், சதா. பீற்றரிடம் கொடுக்க எதுவும் இல்லை. கழகம் மூடினால் எனக்குக் குளிர்காலத்தில் வேலை இல்லை. எனக்கு இல்லையென்றால் உனக்கும் இல்லை. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நீ சொன்னாய், அவர் கேட்டுக்கொண்டார்."

"நீங்கள் பொய் சொன்னீர்கள்."

"ஆம்" என்றார். அவர் மறுக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். "காப்புறுதிக்காரர்கள் உன்னை வேலைமேசையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். முன்பக்கத்தில் தூண்டிலும் தொப்பியும் விற்கலாம். சம்பளம் குறையாது."

அந்த வாரக் கடைசியில் என் கற்களை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அவை என் சொந்தக் கற்கள். ஓய்வுபெறும்வரை சென்ட் லோரன்டிலேயே ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டினேன். கழகம் அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிடவில்லை. பீற்றர் அண்ணன் பென்சன் எடுத்துக்கொண்டு மகளோடு ரொறன்ரோவுக்குப் போனார். கோயில் விழா ஒன்றில் எனக்குத் தெரியாத ஒருவர் என் மனைவியிடம், "துவக்கைப் பிழையாச் செய்து வெள்ளைக்காரியைக் காயப்படுத்தினவர் உங்கட அவரோ?" என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து அதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த விழாவுக்கு நாங்கள் போவதில்லை.

2009 இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல் வீட்டு மணி அடித்தது. வாசலில் மிஷெல் நின்றார். கையில் நீளமான துவக்குப் பெட்டி. வலது கன்னத்தில் காதை நோக்கி ஒரு வெளிறிய கோடு. ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபது தாண்டியவர். கழகத்தில் என் பெயரை முழுதாகச் சொல்ல முயன்றவர் அவர் ஒருவர்தான்.

"பீற்றர் போகும்போது இதை என்னிடம் விற்றுவிட்டுப் போனார்" என்றார். "எனக்கு இதோடு ஒரு கணக்கு இருக்கிறதல்லவா?" சிரித்தார். கோடு இருந்த பக்கம் முழுதாகச் சிரிக்கவில்லை.

சமையலறை மேசையில் பெட்டியை வைத்தோம். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் குளிர்சாதனப் பெட்டியருகே நின்றாள்.

"கேத்தான் உங்கள் வேலை என்றார். பீற்றரும் உங்கள் வேலை என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். கண்டதை முதலில், கேட்டதைப் பிறகு. ஸ்பிரிங்கைப் பற்றி, குறுக்குக் கோடுகளைப் பற்றி, மஞ்சள் துணியைப் பற்றி. முடிந்ததும் மிஷெல் கேட்டார்: "அப்படியென்றால் மெலிந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது கேத்தானா?"

"ஆம். பிளந்த பித்தளைக் கட்டையையும் அவர்தான் மாற்றியிருக்க வேண்டும். நான் அப்போது கடையில் இல்லை."

"அப்படியானால் அவருடைய புள்ளி இருக்கும்."

"இருக்கும்" என்றேன். நாலு வருடம் அந்த மனிதரின் பக்கத்தில் இருந்தவன் நான். ஒரு திருகாணிக்காகத் தகட்டை மறுபடி திறக்கவைத்தவர் அவர்.

என்னிடம் பொருத்தமான திருகாணி முடுக்கி இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே புதிய ஸ்பிரிங். விளிம்புகள் கல்லால் மழுக்கப்பட்டிருந்தன. கல் போன திசை நீளவாக்கில். பித்தளைக் கட்டையும் புதிது. தகட்டைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மிஷெல் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

தகட்டின் உட்புறத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தன.